ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்

(உல்லாசப் படகு வாங்குதல், வைத்திருத்தல், விற்றல் குறித்து ஒரு பாடம்)

சென்ற பொங்கல் விழாவின்போது, ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உங்களுக்குப் படகு விஷயத்தில் அனுபவம் உண்டாமே, ஊர்ப் பக்கத்தில் தோட்டம் வாங்கியிருக்கிறேன், பேரப் பிள்ளைகள் வந்தால் விளையாட ஒரு சிறிய படகு வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு அங்கே நின்றபடி சொல்ல முடியாத அளவுக்கு என்னிடம் பதில் இருந்தது. "எழுதிக் கொடுங்களேன், எல்லோருக்கும் பயன்படும்" என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை.

மேல்கோட்டையில் பிறந்தவனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் மைசூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் இருக்கிறது. 1939-இல் மண்டியா தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் நாங்கள் மைசூர் மாவட்டத்துக்காரர்கள். இன்றும் "மைசூர்ப் பக்கம்" என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இராமானுசர் 12-ஆம் நூற்றாண்டில் வந்து தங்கிய திருநாராயணபுரம் என்பதால் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தோம். ஊரில் ஆறு கிடையாது. கல்யாணி தீர்த்தமும் அக்கா தங்கிக் குளங்களும் மற்றத் தீர்த்தங்களுமே எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்.

ஆனால் தெப்போற்சவம் உண்டு. செல்வப்பிள்ளை கல்யாணியில் தெப்பத்தில் வலம் வருவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்போம். தெப்பத்தில் ஏற எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசை. ஒரு வருடம் நான் அழுது அடம் பிடித்தபோது என் தாத்தா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மிதக்கறது பெரிசில்லைடா. எத்தனை பேரோட மிதக்கறதுங்கறதுதான் கணக்கு." அந்த ஒரு வாக்கியத்தை நான் மறந்ததன் விலையும், பிறகு நினைவு கொண்டதன் பயனும்தான் இந்தக் கட்டுரையின் சாரம்.

1. முதலில் தண்ணீர், பிறகு படகு

2015-ஆம் ஆண்டு. நான் தொழிற்பயிற்சி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். என் மைத்துனன் ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அத்திம்பேர், கடற்கரைப் பக்கத்தில் ஒரு விடுதியை மூடறாளாம். பன்னிரண்டடி ஃபைபர் படகு, மோட்டாரோட 45,000 ரூபாய்க்குத் தரேங்கறா. இந்த விலைக்கு இனிமே கிடைக்காது. வாங்கிப்பிடலாம்."

வாங்கிவிட்டோம். லாரிக் கூலி 9,000 ரூபாய். படகு மேல்கோட்டை மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்துப் புளிய மரத்தடியில் வந்து இறங்கியது. ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். எங்கள் ஓடம் வண்டியில் ஏறி வந்து எட்டு மாதம் புளிய மரத்தடியிலேயே இருந்தது. காரணம், அதை இறக்கத் தண்ணீர் இல்லை.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பாண்டவபுரம் பக்கத்தில் தொண்டனூர் ஏரி இருக்கிறது. இராமானுசர் காலத்தது என்று மரபு சொல்லும் பழைய ஏரி. பின்னாளில் மோதி தலாப், அதாவது முத்து ஏரி, என்று பெயர் பெற்றது. சற்றுத் தொலைவில் காவிரி. கிருஷ்ணராஜசாகரம். ஆனால் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது எனக்குப் படகு வாங்கிய பிறகே தெரிந்தது. கோயில் தீர்த்தம் கோயிலுடையது. பாசன ஏரி பாசனத் துறையுடையது அல்லது பஞ்சாயத்துடையது. அதில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். நாம் மோட்டார் ஓட்டினால் அவர் வலை கிழியும். அணை நீரில் பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு. ரங்கனதிட்டு 1940 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே வனத்துறைப் படகு தவிர மற்றொன்று போகக்கூடாது.

ஆகவே படகு வாங்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது படகைப் பார்ப்பதல்ல, தண்ணீரைப் பார்ப்பது. நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நீர் யாருடையது, அவர் எழுத்தில் அனுமதி தருவாரா? வருடத்தில் எத்தனை மாதம் படகு மிதக்கும் ஆழம் இருக்கும்? படகைக் கரையிலிருந்து இறக்கவும் ஏற்றவும் சரிவான இடம் உண்டா? அடியில் என்ன இருக்கிறது, சேறா, பாறையா, மூழ்கிய மரமா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது உவமைக்காக மட்டுமல்ல.

சட்டத்தையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு நீர்வழிகளுக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அதற்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேறி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. மோட்டாரால் ஓடும் கலத்துக்கு ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு ஆகியவற்றை இச்சட்டம் வற்புறுத்துகிறது. துடுப்பால் ஓடும் கலங்களை உள்ளாட்சி நிலையில் பதிந்துகொள்ளவும் அதில் வழி செய்யப்பட்டிருக்கிறது. படகு விற்பவர் "இதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். விபத்து நடந்த மறுநாள் எல்லோரும் கேட்பார்கள்.

2. வாங்கும் முன் வாடகைக்கு ஏறிப் பாருங்கள்

படகின் மேல் நமக்குள்ள ஆசை பெரும்பாலும் மற்றவர் ஓட்டிய படகில் உட்கார்ந்ததால் வந்தது. மைசூர் காரஞ்சி ஏரியில் மிதிபடகு உண்டு. சீரங்கப்பட்டணத்துச் சங்கமத்தில் பரிசல் உண்டு. ஒகேனக்கல், கொடைக்கானல், முட்டுக்காடு எல்லா இடத்திலும் வாடகைப் படகு கிடைக்கும். ஒரு வருடத்தில் ஆறு முறையாவது குடும்பத்தோடு போய் ஏறுங்கள். ஆறு முறை போக நேரம் கிடைக்கவில்லை என்றால், சொந்தப் படகு வாங்கினாலும் அந்த நேரம் கிடைக்காது. வீட்டில் யாருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், யாருக்குத் தலைசுற்றல், யாருக்கு நீந்தத் தெரியும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மோட்டார் தேவையா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். சிறிய ஏரிக்குத் துடுப்புப் படகே போதும். மோட்டார் வந்துவிட்டால் பெட்ரோல், பதிவு, காப்பீடு, பழுது என்று பின்னோடு நாலு பேர் வருவார்கள்.

3. பழைய படகைப் பார்க்கும் முறை

எட்டு மாதம் கழித்து, பக்கத்துக் கிராமத்து ஏரியில் பஞ்சாயத்தின் அனுமதியும் மீன் குத்தகைக்காரரின் சம்மதமும் பெற்றோம். மீன் குஞ்சு விட்ட மாதங்களில் மோட்டார் ஓட்டுவதில்லை என்பது நிபந்தனை. படகை இறக்கிய பிறகுதான் வாங்கும்போது பார்த்திருக்க வேண்டிய குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் கற்ற பாடத்தை வரிசையாகத் தருகிறேன்.

அ. வெளிச்சத்தில் பாருங்கள். படகைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். புதிதாக வண்ணம் அடித்த படகைச் சந்தேகத்தோடு பாருங்கள். வண்ணம் விரிசலை மறைக்கும். அடிப்புறத்தில் அம்மைக் கொப்புளம்போல் சிறு சிறு புடைப்பு இருந்தால் மேற்பூச்சுக்குள் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

ஆ. தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல் சுத்தியலின் மரப்பிடியால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும். இழையும் பிசினும் பிரிந்த இடத்தில் மொத்தென்று அமுங்கிக் கேட்கும்.

இ. பின்பலகையைச் சோதியுங்கள். மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள் பல படகுகளில் மரம் வைத்து மேலே ஃபைபர் பூசியிருப்பார்கள். திருகாணித் துளை வழியே நீர் புகுந்து உள்ளே மரம் மக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டியிருக்கும் மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பலகை வளைந்து கொடுத்தாலோ ஓரத்தில் விரிசல் வாய் திறந்தாலோ அந்தப் படகு வேண்டாம்.

ஈ. தளத்தில் நடந்து பாருங்கள். கால் வைத்தால் அமுங்கும் இடம் உண்டா? இரட்டைத் தளம் உள்ள படகில் இரண்டுக்கும் நடுவே நுரை அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பழைய படகில் அந்த நுரை வருடக்கணக்கில் நீர் குடித்துக் கனத்துப்போயிருக்கும். இரண்டு பேர் தூக்கக்கூடிய முனையை நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தால் காரணம் இதுதான்.

உ. மோட்டாரைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓடும்போது பின்புறம் ஒரு சிறு துளையிலிருந்து நீர் பீச்ச வேண்டும். அது வராவிட்டால் குளிர்விக்கும் பம்பு வேலை செய்யவில்லை. கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பாலைக் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது.

ஊ. கடைசியாக, நீரில் இறக்கி ஒரு மணி நேரம் சும்மா நிறுத்தி வையுங்கள். பிறகு உள்ளே எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

எங்கள் படகில் இந்த ஆறில் நான்கு குறைகள் இருந்தன. பின்பலகை மாற்றவும் தளத்தைத் திறந்து பூசவும் 28,000 ரூபாய் ஆயிற்று. அப்போதும் தளத்தின் முன்பாதியைத்தான் திறந்தோம். பின்பாதி நன்றாக இருக்கும் என்று நம்பிக்கொண்டோம்.

4. எத்தனை பேர் ஏறலாம்?

2017-ஆம் ஆண்டு மே மாதம். விடுமுறைக்கு வந்த குழந்தைகளுடன் படகில் ஏழு பேர். மைத்துனன், அவன் மனைவி, நான், நான்கு குழந்தைகள். மிதவைச் சட்டைகள் ஆறு வாங்கி வைத்திருந்தேன். ஆனால் வெயிலுக்குப் புழுங்குகிறது என்று ஒரே ஒரு குழந்தை தவிர யாரும் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகள்தானே, இரண்டு பேருக்கு ஒரு பெரியவர் கணக்கு என்று நானே சொன்னேன். நடு ஏரிக்குப் போய்த் திரும்பி வரும்போது கரையில் ஒரு மயில் நின்றது. பெரிய பையன் எழுந்து நின்று, "அதோ!" என்றான். மற்றவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். படகு மெல்லச் சாய்ந்தது. நிமிரவில்லை. சாய்ந்தபடியே போய் நீரை மொண்டது.

நல்ல வேளையாக அந்த இடத்தில் எனக்குக் கழுத்தளவு நீர்தான். நான் நின்றபடி கைக்கு அகப்பட்ட குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த படகின் மேல் ஏற்றினேன். கடைக்குட்டியை மட்டும் காணவில்லை. பிறகு பார்த்தால் அவள் பத்தடி தள்ளி, சட்டை போட்டிருந்த ஒரே குழந்தை அவள்தான், வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். மீன் குத்தகைக்காரரின் ஆள் பரிசலில் வந்து எல்லோரையும் கரை சேர்த்தார். நாங்கள் கவிழ்ந்தது நடு ஏரியிலாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏன் நிமிரவில்லை? பிறகு தளத்தின் பின்பாதியைத் திறந்தபோது தெரிந்தது. இரு தளங்களுக்கு நடுவே நீர் தேங்கியிருந்தது. இதைக் கணக்காகவே பாருங்கள். மூன்றரை மீட்டர் நீளம், சராசரி ஒரு மீட்டர் அகலம் உள்ள அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண், நீர் நின்றால் 350 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐந்து பெரியவர்களின் எடை கண்ணுக்குத் தெரியாமல் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சும்மா உட்காருவதில்லை. தாம்பாளத்தில் நீரை ஏந்திச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், நீர் முழுதும் சாய்ந்த பக்கமே ஓடும். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே எடையும் ஓடி, இன்னும் சாய்க்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் இறக்கும் முன் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை முழுதும் வடித்துவிட்டு, மறக்காமல் மூட வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஓர் எளிய விதி உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை, இருபது அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுகளுக்குச் சொல்வது: நீளத்தை அடியிலும் அகலத்தை அடியிலும் பெருக்கி 15-ஆல் வகுக்கவும். எங்கள் படகு 12 அடி நீளம், 5 அடி அகலம். பெருக்கினால் 60, வகுத்தால் 4. நல்ல நிலையில் இருந்தாலும் நான்கு பேருக்கான படகில் நாங்கள் ஏழு பேர். குழந்தையும் ஓர் ஆள்தான். பெரியவரைவிடக் குழந்தைதான் சட்டென்று எழுந்து நிற்கும்.

இது எங்கள் அறியாமை மட்டுமல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தது அதில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்களுக்கு மயில், அவர்களுக்குக் காட்டு விலங்கு.

5. மிதவைச் சட்டை

அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளைப் பற்றி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சட்டை அணியாதவர்கள். படகில் சட்டை இருந்ததா என்பதல்ல கேள்வி, உடம்பில் இருந்ததா என்பதே.

வாங்கும்போது மிதப்பாற்றலைப் பாருங்கள். 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் உதவி அருகில் உள்ள இடத்துக்கும் மட்டும். நீந்தத் தெரியாதவருக்கு அமைதியான ஏரியிலும் 100 நியூட்டனாவது வேண்டும். அளவு சரியா என்று அறிய, போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது அந்த ஆளுக்குப் பெரியது. குழந்தைச் சட்டையில் கால் நடுவே வரும் பட்டை கட்டாயம் வேண்டும். சட்டையை உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் நுரை நசுங்கிக் கெட்டுவிடும்.

6. வைத்திருப்பது

படகை வாங்குவது ஒருநாள் வேலை. வைத்திருப்பது யானை கட்டித் தீனி போடும் வேலை. வருடப் பராமரிப்புக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்காவது ஆகும் என்பது படகுக்காரர்களின் கைக்கணக்கு. எங்களுக்கு வருடம் 8,000 ரூபாய் ஆயிற்று.

படகை வெட்டவெளியில் மல்லாத்தி வைக்கக்கூடாது. மழை நீர் நிறைந்து முதுகு ஒடியும்; கொசுவும் வளரும். கவிழ்த்தோ சாய்த்தோ மூடி, காற்றோட்டமாக நிழலில் வையுங்கள். வெயில் பிசினையும் கயிற்றையும் தின்னும். மோட்டாரை ஓட்டிய பிறகு நல்ல நீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவுங்கள். பழைய பெட்ரோலைத் தொட்டியில் மாதக்கணக்கில் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் இறங்கித் தங்கும். ஆகவே பெட்ரோல் டப்பாவைப் படகில் வைத்து நிரப்பாமல் கரையில் வைத்து நிரப்புங்கள்.

படகில் எப்போதும் இருக்கவேண்டியவை: ஒன்றுக்கு இரண்டாகத் துடுப்பு, நீர் இறைக்க ஒரு வாளி, நீளமான கயிறு, நங்கூரம், ஊதல். சித்திரை வைகாசியில் பிற்பகல் இடிமழை எங்கள் பக்கத்தில் வழக்கம். முதல் இடி கேட்டதும் கரைக்கு வந்துவிடுங்கள். கரையில் ஒருவரிடம் எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

7. பரிசலைப் பற்றிச் சில வார்த்தைகள்

எங்களைக் கரை சேர்த்தது பரிசல் என்பதால் மட்டுமல்ல, நம் நாட்டுச் சிறு நீர்நிலைக்கு ஏற்ற படகு அதுவே என்பதாலும் இதைச் சொல்கிறேன். கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய இந்தக் கூடைப் படகுகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1803 மராட்டியப் போரில் ஆர்தர் வெல்லெஸ்லி தம் படை ஆறுகளைக் கடக்க இவற்றையே செய்யச் சொன்னார். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. ஃபைபர் பரிசலும் உண்டு.

அடி தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அரையடி நீரிலும் மிதக்கும். ஓர் ஆளே தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம், டிரெய்லர் தேவையில்லை. உடைந்தால் உள்ளூரிலேயே கட்டலாம். வாங்கும்போது மூங்கிலில் உளுத்த பொடி உதிர்கிறதா, பின்னல் பிளந்திருக்கிறதா, தார் பூசிய இடத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். தரையில் உட்கார்ந்து போகவேண்டும், எழுந்து நிற்கக்கூடாது. சுழன்று சுழன்று போகும் இயல்புடையதால் வலிக்கப் பழக வேண்டும். வெள்ளத்தில் அதற்கும் வலிமை கிடையாது. ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை விதிப்பதை நாளிதழில் படித்திருப்பீர்கள். காவிரியையே நம்பி வாழும் பரிசல்காரர்கள் கரையில் நிற்கும் நாளில் நாம் நீரில் இருக்கக்கூடாது.

8. விற்பது

அந்த மே மாதத்துக்குப் பிறகு குழந்தைகள் யாரும் படகில் ஏறவில்லை. 2018-இல் விற்றுவிடத் தீர்மானித்தோம். விற்பனைக்கும் முறை உண்டு. நீர் நிறைந்திருக்கும் மாதத்தில் விற்றால்தான் ஓட்டிக் காட்ட முடியும். கழுவித் துடைத்து, ரசீது, அனுமதிக் கடிதம், பழுது பார்த்த கணக்கு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். மோட்டாரைத் தனியாகவும் படகைத் தனியாகவும் விலை கேட்டுப் பாருங்கள். பணம் கைமாறும் நாளில் தேதியும் மணியும் போட்டு இருவரும் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும். பதிவு உள்ள கலமானால் பெயர் மாற்றம் முடிந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள்.

முதலில் வந்தவர் வார இறுதியில் ஆட்கள் வந்து போகும் ஓர் இடம் வைத்திருந்தார். படகைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. 60,000 தருகிறேன் என்றார். "பத்துப் பேர் ஏத்தலாமில்லையா?" என்று கேட்டார். நான் நான்கு பேர் என்றேன். சிரித்தார். தளத்தின் பின்பாதியில் நீர் புகுந்ததையும், திறந்து பூசியிருந்தாலும் உள்ளே நுரை முன்போல் இல்லை என்பதையும், நாங்கள் கவிழ்ந்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. மறுபடி வரவில்லை.

மைத்துனன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வாயை மூடிண்டு இருந்திருக்கப்படாதா அத்திம்பேர்? அவர் கேக்கவேயில்லையே. பார்த்து வாங்கறது அவா பொறுப்பு" என்றான். நமக்கு விற்றவர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள் என்றேன். அவனுடைய கடைக்குட்டி அப்போது வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மீன் வளர்ப்பவர் ஒருவர், தம் சொந்தக் குளத்தில் தீனி போட ஒரே ஆள் துடுப்பு வலிக்கும் படகு வேண்டும் என்று வந்தார். குறைகளை எழுதி, "பயணிகளை ஏற்றத் தகுதியற்றது" என்று சீட்டில் போட்டு, மோட்டார், டிரெய்லர் உட்பட எல்லாவற்றையும் 40,000 ரூபாய்க்குக் கொடுத்தோம்.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளக்காமல் போட்டோம். படகு 45,000, லாரி 9,000, பழுது 28,000, டிரெய்லர் 22,000, சட்டைகள் 9,000, ஆக 1,13,000. மூன்று வருடப் பராமரிப்பு 24,000. விற்றதைக் கழித்தால் நிகரச் செலவு 97,000. அந்த மூன்று வருடத்தில் படகு நீரில் இறங்கியது 31 நாள். நாள் ஒன்றுக்கு 3,100 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் குடும்பம் முழுதும் பரிசல் வாடகைக்கு எடுத்துப் பல வருடம் போயிருக்கலாம்.

2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த செய்தியைப் படித்தேன். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக்கியது என்று செய்தி வந்தது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வடோதராவின் ஹரணி ஏரியில் பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். அவர்களில் பலர் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. அன்று நான் மைத்துனனுக்குத் தொலைபேசி செய்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, "நாம அன்னிக்கு அவருக்குக் கொடுக்காதது நல்லதாப் போச்சு அத்திம்பேர்" என்றான். அந்த 20,000 ரூபாய் நஷ்டத்தை நாங்கள் இருவரும் அதன் பிறகு நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆகவே பொங்கல் விழாவில் கேட்ட அன்பருக்கு என் பதில் இது. முதலில் தண்ணீரைத் தேடி அதன் சொந்தக்காரரைக் கேளுங்கள். ஒரு வருடம் வாடகைக்கு ஏறிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் மோட்டார் இல்லாத சிறு படகோ பரிசலோ வாங்குங்கள். பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சட்டை வாங்கி, அதைப் போட்டுக்கொண்ட பிறகே கரையைவிட்டுக் கிளப்புங்கள். என்றாவது விற்க நேர்ந்தால், உங்கள் பிள்ளைகள் அதில் ஏறப்போவதாக நினைத்துக் குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

எங்கள் ஊர்த் தெப்போற்சவத்துக்கு இன்றும் போகிறேன். தெப்பத்தில் ஏற வேண்டும் என்று அழும் சிறுவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு என் தாத்தா சொன்னதைச் சென்ற வருடம் நான் சொன்னேன். அவனும் என்னைப் போலவே கேட்காமல் அழுதான். பரவாயில்லை, கரையில் பத்திரமாக உட்கார்ந்துதானே அழுதான்.